தானுந்து விற்பனை முறைகேடுகள்

தானுந்து விற்பனை முறைகேடுகள் என்பது தானுந்து (பேச்சு வழக்கில் கார்) ஒன்றை விற்பவர் விலை, வயது, நிலை, உரிமை, கடன் ஆகியவை பற்றி வாங்குபவருக்குத் தவறான தகவல் தருவதையோ, தெரிவிக்க வேண்டிய தகவலை மறைப்பதையோ, தேவையற்ற செலவுகளைக் கட்டாயம் எனக் கூறிச் சுமத்துவதையோ குறிக்கும். புதிய தானுந்து, பயன்படுத்திய தானுந்து ஆகிய இரு வகை விற்பனைகளிலும் இவை நிகழ்கின்றன. வீடு, நிலம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெரிய செலவுகளுள் தானுந்து ஒன்றாகும். அதனால் இத்தகைய முறைகேட்டால் ஏற்படும் இழப்பு பல ஆண்டுச் சேமிப்பை அழிக்கக் கூடியது. இந்தியாவில் இம்முறைகேடுகளுக்கு எதிராக 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஆகியவற்றின் கீழ் தீர்வு பெறலாம்.

பின்னணி

ஒரு பொருளைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரியாத நிலையைப் பொருளியலாளர்கள் தகவல் சமனின்மை என்பர். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்திய தானுந்துச் சந்தையையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது என வாங்குபவரால் பிரித்தறிய இயலாதபோது, அவர் இரண்டுக்கும் இடைப்பட்ட விலையையே தர முன்வருவார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. எனவே அவர் சந்தையை விட்டு விலகுவார். பழுதான வண்டிகளே மிஞ்சும். இவ்வாறு ஏமாற்று வாங்குபவரை மட்டுமன்றி, நேர்மையாக விற்பவரையும் பாதிக்கிறது என்பது இக்கட்டுரையின் முக்கிய முடிவாகும். தகவல் சமனின்மை பற்றிய ஆய்வுகளுக்காக 2001 ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு இவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இந்தியாவில் 1980களின் தொடக்கம் வரை அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற மிகச் சில வகைகளே கிடைத்தன. முன்பதிவு செய்துவிட்டு நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்ததால் அக்காலத்தின் முறைகேடு பெரும்பாலும் கள்ளச்சந்தை விலையாகவே இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. 1991 ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் பல நிறுவனங்கள் சந்தையில் நுழைந்தன. பற்றாக்குறை நீங்கியது, போட்டியும் தவணைக் கடனும் பெருகின. அதற்கேற்ப முறைகேடுகளின் வடிவமும் மாறியது.

சிற்றூர்களின் நிலை

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் உள்ள திருவரங்குளம், அரங்குளநாதர் கோயிலால் அறியப்படும் ஊராகும். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் அமைந்துள்ள இவ்வூர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் ஆகும். இத்தகைய ஊர்களில் உள்ளோர் தானுந்து வாங்கப் புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் போன்ற நகரங்களுக்குச் செல்கின்றனர். அல்லது அறிந்தவர் வழியாகவோ இடைத்தரகர் வழியாகவோ பயன்படுத்திய வண்டியை வாங்குகின்றனர். இதனால் சில தனித்த இடர்கள் எழுகின்றன.

- விற்பனையகம் தொலைவில் இருப்பதால் பல இடங்களில் விலை கேட்டு ஒப்பிடுவது கடினம்.
- இடைத்தரகர் அறிமுகமானவராக இருப்பதால் எழுத்து ஆவணம் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது.
- வெளிநாட்டில் பணிபுரியும் குடும்ப உறுப்பினர் பணம் அனுப்ப, ஊரில் உள்ளவர் வாங்கும் நிலையில், வண்டியைப் பார்ப்பவர் ஒருவராகவும் பணம் தருபவர் வேறொருவராகவும் உள்ளனர்.
- பிற மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டியின் முன்வரலாறு உள்ளூரில் எவருக்கும் தெரியாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் பதிவுக் குறியீடு டி.என். 55 ஆகும். ஆயினும் இக்குறியீடு முதலில் பதிவான இடத்தை மட்டுமே காட்டும். வண்டி பின்னர் எங்கு ஓடியது என்பதைக் காட்டாது.

புதிய தானுந்து விற்பனையில் காணப்படும் முறைகள்

குறைத்துச் சொல்லிப் பின் கூட்டுதல்

முதலில் மிகக் குறைந்த விலை கூறி வாங்குபவரை உடன்படச் செய்து, முன்பணம் பெற்ற பின் சிறிது சிறிதாகச் செலவுகளைச் சேர்ப்பது இம்முறையாகும். இதன் உளவியலை ராபர்ட் சியால்டினியும் அவருடன் பணியாற்றியோரும் 1978 ஆம் ஆண்டு ஆய்ந்தனர். காலை 7 மணிக்கு நடக்கும் சோதனைக்கு வர முடியுமா என நேரத்தை முதலிலேயே கூறிக் கேட்டபோது மாணவர்களில் 31% பேர் உடன்பட்டனர். முதலில் இசைவு பெற்றுப் பின்னர் நேரத்தைக் கூறியபோது 56% பேர் உடன்பட்டனர். ஒருமுறை "சரி" என்றவர் நிபந்தனை மாறிய பின்னும் பின்வாங்கத் தயங்குவார் என்பதை இது காட்டுகிறது. முன்பணம் கட்டியவர், உறவினர்களிடம் செய்தி சொல்லியவர், வண்டி எடுக்க நல்ல நாள் குறித்தவர் ஆகியோரிடம் இத்தயக்கம் மேலும் மிகுதியாக இருக்கும்.

விலைப் பட்டியலில் கட்டாயச் செலவும் விருப்பச் செலவும் கலந்து காட்டப்படுவதே இம்முறைக்கு உதவுகிறது. காட்சியக விலை, வாழ்நாள் வரி, பதிவுக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியன கட்டாயமானவை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்டவாறு புதிய தானுந்துக்கான வாழ்நாள் வரி பின்வருமாறு:

- 5 இலட்சம் ரூபாய் வரை: 12%
- 5 முதல் 10 இலட்சம் வரை: 13%
- 10 முதல் 20 இலட்சம் வரை: 18%
- 20 இலட்சத்துக்கு மேல்: 20%

எடுத்துக்காட்டாக, 7 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள தானுந்துக்கு 13% வீதம் 91,000 ரூபாய் வரி ஆகும். இவ்வாறு வாங்குபவர் தாமே கணக்கிட்டுப் பட்டியலில் உள்ள தொகையுடன் ஒப்பிட இயலும். "கையாளும் கட்டணம்", "தளவாடக் கட்டணம்" போன்ற பெயர்களில் சேர்க்கப்படுபவை அரசுக்குச் செல்லும் தொகைகள் அல்ல. மிதியடி, இருக்கை உறை, வண்ணப் பூச்சுக் காப்பு, நீட்டித்த உத்தரவாதம் ஆகியன வாங்குபவரின் விருப்பத்துக்கு உட்பட்டவை.

10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தானுந்துக்கு விற்பவர் 1% வரியை வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். இத்தொகை வாங்குபவரின் வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும். வருமான வரி அறிக்கை தாக்கல் செய்வோர் இதனை ஈடு செய்யலாம் அல்லது திரும்பப் பெறலாம். இது பலருக்கு எடுத்துரைக்கப்படுவதில்லை.

காப்பீட்டைக் கட்டாயப்படுத்துதல்

தம்மிடமே காப்பீடு எடுக்க வேண்டும் என்றும், இல்லையெனில் தள்ளுபடி இல்லை அல்லது வண்டி தர இயலாது என்றும் கூறுவது பரவலாகக் காணப்படும் முறையாகும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தானுந்து விற்பனையாளர்களுக்கென வகுத்த வழிகாட்டுதல்கள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி குறிப்பிட்ட நிறுவனத்தின் காப்பீட்டையே எடுக்குமாறு வாங்குபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் 1 முதல் புதிய தானுந்துக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகும். ஆனால் சொந்தச் சேதக் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இவ்விரண்டையும் குழப்பிக் கூறுவதால் வாங்குபவர் கூடுதல் தொகை செலுத்த நேரிடுகிறது.

பழைய இருப்பைப் புதியதாக விற்றல்

முந்தைய ஆண்டில் உற்பத்தியான வண்டி, வெள்ளோட்டத்துக்குப் பயன்பட்ட வண்டி, கொண்டுவரும் வழியில் அடிபட்டுச் சீர்செய்யப்பட்ட வண்டி ஆகியன புதிய வண்டியாக விற்கப்படுவது உண்டு. மறுவிற்பனையின்போது உற்பத்தி ஆண்டே விலையைத் தீர்மானிக்கும் என்பதால், டிசம்பரில் உற்பத்தியான வண்டியை ஜனவரியில் முழு விலைக்கு வாங்குபவருக்கு இழப்பு ஏற்படுகிறது. உற்பத்தி மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றான படிவம் 21 இல் குறிக்கப்படும். பதிவுக்கு முன்னரே இதனையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியோடு நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தவணைக் கடனில் மறைப்பு

கடனுக்கான வட்டி இரு வகையாகச் சொல்லப்படுகிறது. நிலை வட்டியில் முழுக் கடன் தொகைக்கும் இறுதி வரை வட்டி கணக்கிடப்படும். குறையும் நிலுவை வட்டியில் எஞ்சிய கடனுக்கு மட்டும் கணக்கிடப்படும். 5 இலட்சம் ரூபாய்க் கடனை 7% நிலை வட்டியில் 5 ஆண்டுகளுக்குப் பெற்றால், வட்டி 1,75,000 ரூபாய். மாதத் தவணை 11,250 ரூபாய். இதே தவணையைக் குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் வட்டி வீதம் ஏறத்தாழ 12.5% ஆகும். எனவே "7% நிலை வட்டி" என்பது "10% குறையும் நிலுவை வட்டி" என்பதைவிடச் செலவு மிக்கது. இந்திய ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் சுற்றறிக்கையின்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு எல்லாச் செலவுகளையும் உள்ளடக்கிய ஆண்டு வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் இவ்வறிக்கையைக் கேட்டுப் பெறலாம்.

அவசர உணர்வை ஊட்டுதல்

"இன்று மட்டும் தள்ளுபடி", "இந்த நிறத்தில் கடைசி வண்டி", "நாளை விலை ஏறும்" போன்ற கூற்றுகள் ஒப்பிட்டுப் பார்க்கும் அவகாசத்தைப் பறிப்பதற்காகக் கூறப்படுகின்றன. இணையவழி வணிகத்தில் பொய்யான அவசரம், விலையைத் துளித்துளியாக வெளிப்படுத்தல், ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்றல் உள்ளிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

பயன்படுத்திய தானுந்து விற்பனையில் காணப்படும் முறைகள்

ஓடிய தொலைவைக் குறைத்துக் காட்டுதல்

வண்டி ஓடிய தொலைவைக் காட்டும் மானியைப் பின்னோக்கித் திருப்புவது மிகப் பழைய முறைகளுள் ஒன்றாகும். மின்னணு மானிகளிலும் கருவிகளின் துணையுடன் எண்ணை மாற்ற இயலும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 4,50,000 க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான மானி எண்ணுடன் விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் மதிப்பிட்டுள்ளது. குறைவாக ஓடியதாகக் காட்டும் வண்டியில் மிதிகளின் இரப்பர் தேய்ந்திருத்தல், திசைமாற்றி வழவழப்பாதல், ஓட்டுநர் இருக்கை அமுங்கியிருத்தல் ஆகியன ஐயத்துக்குரியவை. அங்கீகாரம் பெற்ற பழுதுபார்ப்பு நிலையத்தின் பராமரிப்புப் பதிவுகளில் ஒவ்வொரு முறையும் மானி எண் குறிக்கப்படுவதால் அவற்றுடன் ஒப்பிடுவது நம்பகமான சோதனையாகும்.

விபத்தையும் வெள்ளச் சேதத்தையும் மறைத்தல்

விபத்தில் நசுங்கிய பகுதியைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, வண்ணம் அடித்து மறைப்பதுண்டு. எஃகுத் தகட்டில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டி பூசிய இடத்தில் சரியாக ஒட்டாது. கதவுகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இல்லாமை, கண்ணாடிகளில் உள்ள ஆண்டுக் குறிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுதல், முன்மூடியின் மறைகளில் திருகிய தடம் இருத்தல் ஆகியனவும் அடையாளங்களாகும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் ஏற்பட்ட வெள்ளங்களில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. முழு இழப்பாகக் காப்பீட்டு நிறுவனங்கள் தீர்த்த வண்டிகள் ஏலத்தில் விற்கப்படுவதும், அவற்றுள் சில தூய்மை செய்யப்பட்டுத் தொலைவிலுள்ள ஊர்களில் மறுவிற்பனைக்கு வருவதும் இத்தகைய வெள்ளங்களுக்குப் பின் எழும் இடராகும். நீர் புகுந்த வண்டியில் மின்கம்பிகளும் காற்றுப்பைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் பல மாதங்கள் கழித்துப் பழுதாகலாம் என்பதால், இது பணம் தொடர்பான சிக்கல் மட்டுமன்று. உயிர் தொடர்பானதும் ஆகும். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தல், மிதியடியைத் தூக்கி அடித்தகட்டைப் பார்த்தல், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் சேறும் துருவும் உள்ளனவா எனப் பார்த்தல் ஆகியன எளிய சோதனைகளாகும்.

கடன் தீராத வண்டியை விற்றல்

கடனில் வாங்கிய வண்டியின் பதிவுச் சான்றில் கடன் தந்த நிறுவனத்தின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். கடன் தீர்ந்த பின் நிறுவனம் தரும் தடையின்மைச் சான்றையும் படிவம் 35 ஐயும் அளித்து அக்குறிப்பை நீக்க வேண்டும். தவணை நிலுவையில் உள்ள வண்டியை "மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன்" என்ற வாய்மொழி உறுதியின் பேரில் விற்பதுண்டு. விற்றவர் தவணை கட்டத் தவறினால், முழு விலை தந்தவரிடமிருந்தே நிறுவனம் வண்டியைக் கைப்பற்ற முற்படும். புதியவருக்கு அந்நிறுவனத்துடன் எவ்வித ஒப்பந்தமும் இல்லாததால் அவர் நிலை வலுவற்றதாகும்.

காப்பீடு பற்றிய தவறான கூற்று

"காப்பீடு இன்னும் ஓராண்டு உள்ளது" எனக் கூறி விலை உயர்த்தப்படுவதுண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157 ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு வண்டியுடன் புதியவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். புதியவர் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் சொந்தச் சேதக் காப்பீடு தானாக மாறுவதில்லை. இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, முந்தைய உரிமையாளருக்கு உரியது. எனவே பெயர் மாற்றாமல் விபத்தில் சிக்குவோர் தம் வண்டிக்கான இழப்பீட்டை இழக்க நேரிடும்.

பெயர் மாற்றமும் அதன் முக்கியத்துவமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50 ஆம் பிரிவின்படி விற்பவர் அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள்ளும், பிற மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியன பயன்படுகின்றன. இடைத்தரகர்கள் விற்பவரிடம் தேதியிடாத கையொப்பங்களைப் பெற்று வைத்துக்கொண்டு, வண்டியைப் பெயர் மாற்றாமலே பலர் கைக்கு மாற்றுவது வழக்கமாக உள்ளது.

இதில் விற்பவருக்கே பெரும் இடர் உள்ளது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றில், பல கைகள் மாறிய பின் விபத்துக்குள்ளான ஒரு வண்டிக்கு, பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுப் பொறுப்புடைய உரிமையாளர் எனக் கூறியது. வண்டியை விற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்னும், முன்பின் அறியாத ஒருவர் ஏற்படுத்திய விபத்துக்கு ஒருவர் தம் சொத்திலிருந்து இழப்பீடு தர நேரலாம் என்பதே இதன் பொருள். வண்டி குற்றச் செயலுக்குப் பயன்பட்டாலும் முதல் விசாரணை பதிவுபெற்ற உரிமையாளரிடமே நடைபெறும்.

இச்சிக்கலைத் தீர்க்க மத்திய மோட்டார் வாகன விதிகள் 2022 டிசம்பரில் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதன்படி பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் வணிகர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். இச்சான்று ஐந்து ஆண்டுகள் செல்லும். உரிமையாளர் அவரிடம் வண்டியை ஒப்படைத்ததை இணையவழியில் தெரிவித்த பின், அவ்வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். தம் வசம் உள்ள வண்டியை வெள்ளோட்டம், பழுதுபார்த்தல், ஆய்வு போன்ற தேவைகளுக்கு மட்டுமே அவர் ஓட்டலாம். பயணப் பதிவேடும் பேண வேண்டும்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

- குறைந்தது மூன்று விற்பனையகங்களில் எழுத்து வடிவில் விலைப் பட்டியல் பெற்று, கட்டாயச் செலவு, விருப்பச் செலவு எனப் பிரித்து ஒப்பிடுதல்.
- முன்பணத்துக்கு ரசீது பெறுதல். அதில் வகை, நிறம், உற்பத்தி ஆண்டு, முழு விலை, பணம் திரும்பப் பெறும் நிபந்தனை ஆகியவற்றைக் குறிக்கச் செய்தல்.
- பணத்தை வங்கி வழியாகச் செலுத்துதல். ஒரே பரிவர்த்தனையில் 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி 2017 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.
- பயன்படுத்திய வண்டியாயின், நடுவண் அரசின் வாகன் தரவுத்தளத்தில் பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர், கடன் குறிப்பு, காப்பீடு ஆகியவற்றைச் சரிபார்த்தல். நிலுவையில் உள்ள போக்குவரத்து அபராதங்களையும் பார்த்தல்.
- வண்டி திருடப்பட்டதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய வசதியில் சரிபார்த்தல்.
- பதிவுச் சான்றில் உள்ள அடிச்சட்ட எண், இயந்திர எண் ஆகியவற்றை வண்டியில் பொறிக்கப்பட்டவற்றுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுதல். அடிச்சட்ட எண் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது.
- விற்பவருடன் தொடர்பில்லாத ஒரு பழுதுபார்ப்பவரை அழைத்துச் செல்லுதல். இயந்திரம் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே இயக்கிப் பார்த்தல்.
- சக்கர உறையில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தல். 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தைக் குறிக்கும். ஓடிய தொலைவு மிகக் குறைவு எனக் கூறப்படும் வண்டியில் எல்லா உறைகளும் புதியனவாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.
- மாலை மங்கிய பின்னும் மழையிலும் வண்டியைப் பார்ப்பதைத் தவிர்த்தல்; ஈரத்திலும் குறைந்த ஒளியிலும் வண்ண வேறுபாடு தெரியாது.
- பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவாகும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக முன்னரே எழுத்தில் உடன்படுதல்.

பயன்படுத்திய வண்டிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி எனக் கூறி முழு விலைக்கும் 18% கேட்கப்பட்டால் அது தவறாகும். 2025 ஜனவரி முதல் பதிவுபெற்ற வணிகர் தம் இலாபப் பகுதிக்கே 18% வரி செலுத்துகிறார். தனிநபர் தம் சொந்த வண்டியை விற்கும்போது இவ்வரி இல்லை.

சட்டப் பாதுகாப்பு

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய, பயன்படுத்திய அல்லது புதுப்பிக்கப்பட்ட பொருளைப் புதியது எனப் பொய்யாகக் கூறுவதும், விலை குறித்துத் தவறான எண்ணத்தை ஏற்படுத்துவதும், ரசீது தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடவடிக்கைகள் என இச்சட்டம் வரையறுக்கிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 இலட்சம் ரூபாய் வரையும், தொடர்ந்து செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு வஞ்சகத்தையும், 18 ஆம் பிரிவு தவறான எடுத்துரைப்பையும் வரையறுக்கின்றன. இவற்றால் பெறப்பட்ட இசைவை ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் விலக்கிக்கொள்ளலாம். எனினும் பேச வேண்டிய கடமை இல்லாதபோது வெறுமனே மௌனமாக இருப்பது வஞ்சகம் ஆகாது. எனவே "விபத்தில் சிக்கியதுண்டா?", "வெள்ளத்தில் மூழ்கியதுண்டா?" என நேரடியாகக் கேட்டு, விடையை எழுத்திலோ குறுஞ்செய்தியிலோ பெறுவது இன்றியமையாதது. கேட்கப்படாத கேள்விக்கு மௌனம் காத்தவரைவிட, கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னவரின் மீது வழக்குத் தொடுப்பது எளிது.

நுகர்வோர் சட்டத்துக்கு இரு வரம்புகள் உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார்; ஆனால் தாமே உழைத்துப் பிழைப்பதற்காக வாடகை வண்டி வாங்கியவர் நுகர்வோரே ஆவார். மேலும், தம் சொந்த வண்டியை ஒருமுறை விற்கும் தனிநபர் வணிகர் அல்லர் என்பதால், அவர் மீது உரிமையியல் நீதிமன்றத்தையோ, ஏமாற்றுதல் குற்றம் எனில் காவல்துறையையோ நாட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 ஆம் பிரிவு ஏமாற்றுதலைக் குற்றமாக்குகிறது.

முறையிடும் வழி

முதலில் விற்பனையாளருக்கு எழுத்து மூலம் முறையிட்டு, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதன் பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குத் தந்த விலை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை; 5 முதல் 10 இலட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 இலட்சம் வரை 400 ரூபாய் கட்டணமாகும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமன்று. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

2019 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த குறிப்பிடத்தக்க வசதி, முறையிடுபவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதாகும். திருவரங்குளத்தில் வசிப்பவர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வாங்கிய தானுந்து பற்றிப் புதுக்கோட்டையில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிட இயலும். முன்பு விற்பவர் இருக்கும் ஊருக்கோ சிக்கல் எழுந்த ஊருக்கோ செல்ல வேண்டியிருந்ததால் பலர் முறையீட்டைக் கைவிட நேர்ந்தது. 2020 செப்டம்பர் முதல் இணையவழியிலும் முறையீடு செய்ய வழி உள்ளது.

ரசீது, விலைப் பட்டியல், விளம்பரம், குறுஞ்செய்திகள், வங்கிப் பரிமாற்றச் சான்று, பழுதுபார்ப்பவரின் எழுத்து அறிக்கை, ஒளிப்படங்கள் ஆகியன சான்றுகளாகும். மாவட்ட ஆணையத்தின் ஆணைக்கு எதிராக 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் தருமாறு ஆணையிடப்பட்டவர் மேல்முறையீடு செய்வதானால் அத்தொகையில் பாதியைச் செலுத்த வேண்டும்.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

கோவாவில் 2011 ஆம் ஆண்டு மாதிரிக்குப் பணம் செலுத்திய ஒருவருக்கு 2009 ஆம் ஆண்டு மாதிரி வழங்கப்பட்டது. அவ்வண்டி ஏற்கனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, துருவும் இருந்தது. அவர் வண்டியை ஏற்க மறுத்து நுகர்வோர் மன்றத்தை நாடினார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விற்பனையாளரின் பொறுப்பை ஏற்றபோதிலும், உற்பத்தியாளரான டாட்டா மோட்டார்சின் பங்கு மெய்ப்பிக்கப்படாததால் அந்நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. பழைய இருப்பைப் பற்றிய முறையீட்டில் விற்பனையகத்தைத் தவறாமல் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

2022 ஏப்ரலில் தீர்ப்பான மற்றொரு வழக்கில், விபத்தின்போது காற்றுப்பைகள் விரியாத தானுந்துக்கு மாற்று வண்டியும் இழப்பீடும் தருமாறு ஹூண்டாய் நிறுவனத்துக்கு இடப்பட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

விற்பனையாளர் மட்டுமே காரணம் அல்லர் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. வாங்குபவர்களுக்குக் கூடுதல் தள்ளுபடி தரவிடாமல் தம் விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்தியதாக மாருதி சுசூக்கி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வாடிக்கையாளர் போல நடிப்போரை அனுப்பி விற்பனையாளர்கள் கண்காணிக்கப்பட்டதாக ஆணையம் கூறியது. நிறுவனம் இதனை எதிர்த்து மேல்முறையீடு செய்தது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு புதிய தானுந்தின் கண்ணாடியிலும் விலை விவரம் ஒட்டப்பட வேண்டும். 1972 ஆம் ஆண்டுச் சட்டம் மானியை மாற்றுவதைத் தடை செய்தது. திரும்பத் திரும்பப் பழுதாகும் புதிய வண்டியை மாற்றித் தர வேண்டும் என்னும் "எலுமிச்சைச் சட்டம்" கனெக்டிகட் மாநிலத்தில் 1982 இல் இயற்றப்பட்டுப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. அந்நாட்டுப் பேச்சு வழக்கில் பழுதான வண்டி எலுமிச்சை எனப்படுகிறது. பெல்ஜியத்தில் 2006 முதல், பயன்படுத்திய தானுந்தின் மானி வரலாற்றைக் காட்டும் சான்று விற்பனையின்போது தரப்பட வேண்டும்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அவ்வாறில்லை என மெய்ப்பிக்கும் சுமை விற்பவரைச் சாரும். பயன்படுத்திய தானுந்துகளுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் இதற்கு ஒப்பான தனிச் சட்டம் இல்லை. குறை முன்பே இருந்தது என்பதை வாங்கியவரே மெய்ப்பிக்க வேண்டியிருப்பது இங்குள்ள முறையின் பெரிய குறைபாடாகும். ஆகவே வாங்கும் நாளிலேயே வண்டியின் நிலையை எழுத்திலும் ஒளிப்படத்திலும் பதிந்து, விற்பவரின் கையொப்பம் பெறுவது இந்திய நுகர்வோருக்கு வலுவான பாதுகாப்பாக அமைகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- நுகர்வோர் பாதுகாப்பு
- தகவல் சமனின்மை
- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- தானுந்துக் காப்பீடு
- திருவரங்குளம்